மூன்றாம் கேட்: புல்லுக்காரர்

அந்தக் கால்பந்து கிளப்பில் யாருக்கும் எதுவும் ஆகக் கூடாது என்பதில் எல்லோரும் உறுதியாக இருந்தார்கள். ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

கேட்கிற பாவம் பிசியோவுக்கு வாய்த்தது. ஆட்டக்காரர்களின் தொடையையும் கணுக்காலையும் நீவிவிடுவதுதான் அவள் வேலை. ஆனால் லீக் கமிட்டியிலிருந்து, 'மைதானத்தில் ஒருவர் மூச்சின்றி விழுந்தால் என்ன செய்வீர்கள்? திட்டம் உண்டா?' என்று கடிதம் வந்ததும், மேனேஜர் 'உண்டு' என்று பதில் போட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"ஒரு திட்டம் எழுதிரும்மா. நேத்தே எழுதின மாதிரி இருக்கட்டும்."

பதினான்கு பக்கம் எழுதினாள். மேனேஜர் சிவப்புப் பேனாவால் திருத்தினார். 'மருத்துவ அவசரத் திட்டம்' என்ற தலைப்பு 'ஆட்டநாள் நலத் திட்டம்' ஆனது. மூன்று இடங்களில் இருந்த 'உயிரிழப்பு' என்ற சொல் 'விரும்பத்தகாத முடிவு' ஆனது. திருத்தி முடித்தபின் படித்தால், டீம் தோற்றால் என்ன செய்வது என்று எழுதியது போல இருந்தது. அதற்கும் அந்தக் கிளப்புக்கு ஒரு திட்டம் தேவைதான்.

திட்டத்தின் உயிர்நாடி பதின்மூன்று அட்டைகள். ஆளுக்கொன்று கழுத்தில் தொங்கும். முன்பக்கத்தில், ஒருவன் விழுந்தால் நீ என்ன செய்ய வேண்டும் என்று ஒரே ஒரு வரி. பின்பக்கத்தில், நீ இல்லாவிட்டால் அதை யார் செய்வது என்று ஒரே ஒரு பெயர். முதலில் மஞ்சள் அட்டையாக அச்சடித்தாள். ஆட்டக்காரர்கள், "என்ன தப்பு பண்ணோம்?" என்று கொதித்தார்கள். பச்சையாக மாற்றினாள்.

ஒத்திகைக்கு விழுந்து கிடக்க ஒரு ஆள் வேண்டும். கேப்டனைக் கேட்டாள். "சீசன் நடுவுல என்னப் பொணம் மாதிரி படுக்கச் சொல்றியா? வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?" என்றான். மற்றவர்களுக்கும் அதே எண்ணம், கொஞ்சம் நாகரிகம் குறைவாக. கடைசியில் மாற்று கோல்கீப்பர் படுத்தான். அந்த சீசனில் ஒரு நிமிடம்கூட ஆடாதவன். பெஞ்சில் உட்காருவதற்கும் புல்லில் படுப்பதற்கும் அவனுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பதினொரு ஒத்திகை, பதினொரு தடவை செத்துப் பிழைத்தான். பெயர் போய் 'பேஷன்ட்' என்றே ஆகிவிட்டது. அவனுக்கு அட்டை கிடையாது. படுத்திருப்பவனுக்கு எதற்கு அட்டை?

பதின்மூன்று அட்டைகளில் அவள் அதிகம் பெருமைப்பட்டதும், அதிகம் பயந்ததும் ஒரே அட்டைக்குத்தான். அதில் எழுதியிருந்தது: 'மூன்றாம் கேட்டைத் திற.' அந்த அட்டை புல்லுக்காரருடையது. புல்லுக்காரர் அவளுடைய தாய்மாமா.

மைதானத்துப் புல்லை இருபத்தியிரண்டு வருஷமாக வளர்க்கிறவர். பெற்ற பிள்ளைக்கு மொட்டை அடித்தபோதுகூட இவ்வளவு கவனமாக நிற்கவில்லை என்று அத்தை சொல்வாள். இரண்டு வருஷம் முன்பு ஒரு ஆம்புலன்ஸ் வழி தவறிப் புல்லில் ஏறியது. டயர்த் தடம் ஆற நாற்பத்தொரு நாள் ஆனது; ஒவ்வொரு நாளும் எண்ணினார். அன்றிலிருந்து ஆம்புலன்ஸ் மூன்றாம் கேட்டுக்கு வெளியேதான் நிற்கும். பன்னிரண்டு அடி உயர இரும்புத் தகடு, மேலே ஈட்டி முனைகள். டிக்கெட் வாங்காமல் ஏறிக் குதிப்பவர்களுக்காக வைத்தது. சாவி மாமாவின் இடுப்பில். ஒத்திகை ஒவ்வொன்றிலும் பதினெட்டே நொடியில் திறந்து காட்டினார். ஆம்புலன்ஸ் உள்ளே மூக்கை நீட்டியதும், "போதும், போதும், பார்த்தாச்சுல்ல?" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

நின்றுபோன இதயத்தை உதைத்துக் கிளப்பும் ஷாக் பெட்டியும் அந்த ஆம்புலன்ஸுக்குள்தான் இருந்தது. முதலில் பெஞ்சுக்குப் பக்கத்தில்தான் வைத்தாள். அந்த இடத்தில் ஒரு குளியல் சோப்பு விளம்பரம் வந்ததால் பெட்டி வெளியேறியது.

"இன்னொரு சாவி வேணும் சார்" என்று மேனேஜரிடம் கேட்டாள்.

"ரெண்டு சாவின்னா ரெண்டு பேரு பொறுப்பு. ரெண்டு பேரு பொறுப்புன்னா யாருமே பொறுப்பில்ல. முப்பது வருஷ அனுபவம்மா" என்றார்.

சரி, சாவிதான் ஒன்று, ஆளாவது இரண்டாக இருக்கட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் சாப்பிடும்போது கேட்டாள்.

"மாமா, உங்க அட்டைக்குப் பின்னாடி யார் பேரப் போடட்டும்? உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா…"

அத்தை குழம்புக் கரண்டியைச் சட்டியில் டங்கென்று போட்டாள். "சோத்துல கை வச்சிருக்கற மனுஷனப் பார்த்துப் பேசற பேச்சா இது?"

"விடு. புள்ள எனக்கில்ல, கேட்டுக்குத்தான் கவலப்படுது" என்று மாமா சிரித்தார். "எனக்கு என்ன ஆகப் போவுது?" பிறகு இடது தோளைச் சுழற்றி, "இந்தத் தோளு ஒண்ணுதான். கோடு போடற மெஷினத் தள்ளித் தள்ளி இழுத்துப் பிடிச்சிருக்கு. அதப் பாரேன்" என்றார்.

பார்த்தாள். அவள் பிசியோ, உலகத்து வலியெல்லாம் அவளுக்குத் தசையில்தான் தொடங்கும். அழுத்தினாள், தைலம் தேய்த்தாள். அட்டையின் பின்பக்கம் வெறுமையாகவே இருந்தது. உறவுக்காரரிடம் அதற்குமேல் எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டாள்.

சீசனின் கடைசிக்கு முந்தைய ஆட்டத்தன்று காலையில், "இன்னும் இழுக்குது பாப்பா" என்று வந்தார். நீல டேப்பை எடுத்து, தோளிலிருந்து முதுகுவரை விசிறி மாதிரி ஒட்டினாள். முகம் வேர்த்திருந்தது. வெயில் என்று நினைத்தாள்.

இடைவேளை. ஒன்றுக்கு ஒன்று. பார்வையாளர்கள் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார்கள். ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறையில் கோச்சிடம் வசவு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் கட்டி எடுக்க வெளியே வந்தவள், சுரங்கப்பாதை வாசலில் உதவி கோச் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள்.

"உன் பேஷன்டப் பாரு. ஆட்டம் நடக்கற அன்னிக்கே டிரில் ஆரம்பிச்சுட்டான்."

எதிர்முனை கோலுக்கு முன்னால், மாற்று கோல்கீப்பர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே பெருக்கல் குறி போலக் கோத்துக்கொண்டு நின்றான். மூச்சில்லாமல் ஒருவர் விழுந்துவிட்டார் என்பதற்கு அவள் வைத்த சைகை அதுதான்.

அவளும் அரை நொடி சிரிக்கப் பார்த்தாள். பிறகுதான் உறைத்தது. பேஷன்ட் நின்றுகொண்டிருந்தான். அப்படியானால் படுத்திருப்பது யார்?

ஐஸ் வாளி எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. தன் கைகளையும் தலைக்கு மேல் கோத்துக் காட்டிவிட்டு ஓடினாள். மைதானத்தின் நீளம் அன்றைக்கென்று இருமடங்கானது. பெயர்ந்த புல்லைக் குத்திச் சரிசெய்யும் முள்கரண்டி நட்டது நட்டபடி நின்றது. அதன் பக்கத்தில் புல்லுக்காரர் குப்புற.

"முட்டி போட்டு உக்காந்தாரு, அக்கா" என்று பேஷன்ட் மூச்சிரைத்தான். "எப்பவும் போல புல்லக் கொஞ்சறாருன்னு நெனச்சேன். அப்படியே சாஞ்சுட்டாரு."

"எவ்ளோ நேரம்?"

"அரை நிமிஷம். அதுக்கு மேல இல்ல."

இருவருமாகப் புரட்டினார்கள். "மாமா! மாமா!" தோளைத் தட்டினாள். கண் பாதி திறந்திருந்தது, ஆனால் அதில் ஆள் இல்லை. மூச்சு இல்லை. நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

அவளுக்குப் பின்னால் திட்டம் விழித்துக்கொண்டது. அவள் எழுதியதெல்லாம் எழுத்துப் பிசகாமல் நடந்தது. கிளப் டாக்டர் பையோடு ஓடிவந்தார்; அவர் தோல் டாக்டர், சேர்மனுக்குச் சம்பந்தி, ஆனாலும் பதறாமல் மூச்சு கொடுக்கும் உறையை எடுத்தார். கேட்டுக்கு வெளியே ஆம்புலன்ஸ் உறுமி, சைரன் போட்டு, இரும்புத் தகட்டின் அந்தப் பக்கம் வந்து நின்றது. பத்து நொடி. ஒத்திகையைவிட வேகம்.

அப்போது ஒலிபெருக்கி பேசியது. அறிவிப்பாளர் உச்சி அறையில் உட்கார்ந்திருப்பவர். கோத்த கைகளைப் பார்த்தால் என்ன சொல்ல வேண்டும் என்று அவருடைய அட்டையில் ஒரு வரி இருந்தது. இனிமையான குரலில் அதைப் படித்தார்.

"புல்லுக்காரர் உடனடியாக மூன்றாம் கேட்டுக்கு வரவும்."

பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது.

"புல்லுக்காரர் எங்கிருந்தாலும் உடனடியாக மூன்றாம் கேட்டுக்கு வரவும்."

"யாராவது அந்தாள நிறுத்துங்க!" என்று கத்தினாள். கத்தினாலும் கை நிற்கவில்லை. முப்பது. டாக்டர் இரண்டு மூச்சு ஊதினார். நெஞ்சு மேலெழுந்து தணிந்தது. வேறு எதுவும் எழவில்லை.

மேனேஜர் தொப்பையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தன் அட்டையைப் பார்த்தார். 'மூன்றாம் கேட் திறந்ததை உறுதி செய்.' கேட்டைப் பார்த்தார். கீழே கிடப்பவரைப் பார்த்தார். முப்பது வருஷ அனுபவம் முகத்திலிருந்து வழிந்து போனது.

"இவரு இங்க படுத்திருந்தா… கேட்ட யாரு?"

பேஷன்ட்தான் குனிந்து மாமாவின் இடுப்பிலிருந்து கொத்தைக் கழற்றினான். முப்பத்தொரு சாவி. எல்லாம் ஒரே சாயல், ஒன்றிலும் அடையாளமில்லை. 'அடையாளம் எதுக்கு, கையே சொல்லும்' என்று மாமா பீற்றிக்கொள்வார். அந்தக் கை இப்போது புல்லில் மல்லாந்து கிடந்தது.

"பூட்ட வெட்டற கட்டர்?" என்றார் மேனேஜர்.

"அவர் ஷெட்டுல."

"ஷெட்டு சாவி?"

"இதே கொத்துல."

மேனேஜர் கொத்தை வாங்கிக்கொண்டு கேட்டை நோக்கி ஓடினார். அந்த உடம்பு அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

"மெயின் கேட்டச் சுத்தி வரச் சொல்லட்டா?" என்று உதவி கோச் கேட்டான், சிரிப்பெல்லாம் செத்திருந்தது.

"ஏழு நிமிஷம் ஆவும். கூட்டம் நிக்குது" என்றான் பேஷன்ட். "டாக்டர், அடுத்த சுத்து நீங்க அழுத்துங்க. அக்கா கை தளருது, வேகம் கொறையுது."

அவன் சொன்னது சரி. பதினொரு தடவை படுத்துக்கொண்டு, பதின்மூன்று பேரின் வேலையையும் காதால் கேட்டவன் அவன் ஒருவன்தான். டாக்டர் மாறினார். அவள் மாமாவின் தலைமாட்டுக்குப் போய், அட்டையும் நூலுமாகக் கழுத்தில் சிக்கியதை ஒதுக்கி, சட்டையைக் கிழித்தாள். இடது தோளில் நீல விசிறி. காலையில் தான் ஒட்டியது. ஓரம்கூடப் பிரியாமல், அழகாக.

தோள் வலி. வேர்வை. ஒரு மாதமாக. பரீட்சையில் இந்தக் கேள்விக்கு அவள் ஐந்துக்கு ஐந்து வாங்கியிருந்தாள்.

கேட்டிலிருந்து மேனேஜரின் குரல்: "இது இல்ல… இதுவும் இல்ல… கடவுளே, இதுவும் இல்ல…"

முகம் நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது. டாக்டர் அவளைப் பார்த்தார். பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்துக்கு நிமிடம் எவ்வளவு குறையும் என்று இருவருக்கும் தெரியும். அவள் திட்டத்தில் எட்டாம் பக்கத்தில் எழுதி, மேனேஜர் அடித்த வரி அது.

"வண்டி வேண்டாம்" என்றாள் திடீரென்று. "பெட்டி! பெட்டி மட்டும் வந்தாப் போதும்! மேல வழியாத் தூக்கிப் போடச் சொல்லு!"

பேஷன்ட் அவள் முடிப்பதற்குள் கிளம்பிவிட்டான். டாக்டரிடமிருந்து அழுத்தத்தை மறுபடி வாங்கிக்கொண்டவள் ஓரக்கண்ணால்தான் பார்த்தாள். ஆம்புலன்ஸ் டிரைவர் வண்டிக் கூரைமேல் ஏறியிருந்தார். ஈட்டி முனைகளுக்கு மேலே அவருடைய தலையும், கையில் சிவப்புப் பெட்டியும் தெரிந்தன.

"தம்பி, விட்டுறாத! ஒண்ணுதான் இருக்கு! ஒடஞ்சா அவ்ளோதான்!"

"போடுங்கண்ணே!"

"கனம் மூணு கிலோ!"

"அண்ணே, போடுங்க!"

இருபத்தொன்று, இருபத்திரண்டு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பெட்டி தரையில் மோதிச் சிதறும் சத்தத்துக்காகக் காது காத்திருந்தது. வந்தது வேறு சத்தம். தொப். கையுறையில் பந்து உட்காரும் சத்தம். பயிற்சியில் ஆயிரம் தடவை கேட்டும் காதில் வாங்கிக்கொள்ளாத சத்தம். அந்த சீசன் முழுக்க ஆட்டநாளில் அவன் பிடித்தது அந்த ஒன்றுதான்.

மாமாவின் நெஞ்சில் தைலமும் வேர்வையும் பிசுபிசுத்தன. தன் ஜெர்சியாலேயே துடைத்தாள். பெட்டியிலிருந்து எடுத்த ஒட்டுத் தகடு ஒன்று வலது காரை எலும்புக்குக் கீழே. இன்னொன்று இடது விலாவில். பெட்டி பேசியது. அந்த மைதானத்தில் அப்போது நிதானமாகப் பேசியது அது ஒன்றுதான்.

'ஷாக் தேவை. யாரும் தொட வேண்டாம்.'

"எல்லாரும் வெலகுங்க! டாக்டர், கை!"

பொத்தானை அழுத்தினாள். மாமாவின் உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. மறுபடி அழுத்தத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு. பாட்டில் வாங்கப் போனவர்கள் திரும்பியிருந்தார்கள்; நிறைந்த மைதானம் அப்படி அடங்கி அவள் கேட்டதில்லை. இருபது, முப்பது. இரண்டு மூச்சு. ஒன்று, இரண்டு. அடுத்த முப்பதின் நடுவில், அவள் கைக்கு அடியிலிருந்து ஒரு முனகல் வந்தது.

கையை எடுத்தாள். நெஞ்சு தானாக ஏறியது. இறங்கியது. பிறகு, யாரையும் கேட்காமல், மறுபடி ஏறியது.

மாமாவின் வலது கை மெல்ல அசைந்து இடுப்பைத் தடவியது. அங்கே கொத்து இல்லை என்று தெரிந்ததும் புருவம் சுருங்கியது.

"இருக்கு மாமா, சாவி இருக்கு. பத்திரமா இருக்கு" என்றாள். அழுகையும் அப்போதுதான் வந்தது.

இருபத்தாறாவது சாவியில் கேட் திறந்தது. ஆம்புலன்ஸ் புல்லின் நடுவே நேராக வந்தது, இரண்டு நீளத் தடம் போட்டுக்கொண்டு. யாரும் 'போதும், போதும்' என்று சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் மாமா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இதயக் குழாயில் ஒரு கம்பிச் சுருள், விலாவில் இரண்டு முறிவு, முகத்தில் பழைய எகத்தாளம்.

"ரெண்டு எலும்ப ஒடச்சிருக்கா உன் நாத்தனார் மக. வளத்த கடா மார்ல பாஞ்ச மாதிரி" என்று அத்தையிடம் புகார் சொன்னார்.

"நாலா ஒடைச்சிருக்கணும். தோள் வலிங்கறத எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?" என்று அத்தை டப்பாவைத் திறந்து கஞ்சியைக் கலக்கினாள்.

பிசியோ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஐந்து நாளாக நெஞ்சில் கிடந்ததைச் சொன்னாள். "மாமா, எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் டேப்ப ஒட்டி அனுப்பினேன்."

அவர் சட்டைக் கழுத்தை விலக்கிக் காட்டினார். நீலத்தில் ஒரு துண்டு இன்னும் இருந்தது. "நர்ஸு நாலு நாளா உரிக்கறாங்க, வரமாட்டேங்குது. வேல சுத்தம்." பிறகு குரலைத் தணித்து, "டாக்டர்கிட்ட போகாதது நான். அத நீ தூக்கிச் சுமக்காத. தடம் எப்படி இருக்கு?"

"பேஷன்ட் தெனமும் தண்ணி விடறான். மண்ணு போட்டு நிரவிட்டான்."

"எவ்ளோ தண்ணி விடறான்?"

"நீங்க கேப்பீங்கன்னு அளந்து எழுதி வச்சிருக்கான்."

அவள் பையிலிருந்து அவருடைய பச்சை அட்டையை எடுத்தாள். நூல் அறுந்திருந்தது. பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, அத்தையை ஒரு பார்வை பார்த்தாள்.

"எழுதுடி. அன்னிக்கு வாய அடச்சது நான்தான்" என்றாள் அத்தை, கஞ்சியைப் பார்த்தபடியே.

"அவன் பேரையே போடு" என்றார் மாமா. "ஆனா அவனுக்கு ஒரு பேரு இருக்குமே, அது என்ன?"

மூவரும் யோசித்தார்கள். யாருக்கும் தெரியவில்லை. அவள் போன் போட்டுக் கேட்டு எழுதினாள். மூன்றாம் கேட்டுக்கு நான்கு சாவி அடித்தாகிவிட்டது, பெட்டி விளம்பரத்தை நகர்த்திவிட்டுப் பெஞ்சுக்குத் திரும்பிவிட்டது, அடுத்த ஒத்திகையில் மேனேஜர் முதல் ஆளாகப் படுக்கப்போகிறார் என்று செய்தியெல்லாம் சொன்னாள். மேனேஜர் படுத்தால் புல் எழ நாற்பத்தொரு நாள் போதாது என்றார் மாமா.

தலையணையைச் சரிசெய்யக் குனிந்தாள். அவள் கழுத்திலிருந்த அட்டை அவர் முகத்துக்கு நேரே ஆடித் திரும்பியது. அவர் அதைப் பிடித்து நிறுத்தினார். முன்பக்கம்: 'முதலில் ஓடு. நெஞ்சை அழுத்து.' பின்பக்கத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"பாப்பா, இதுல ஒண்ணையும் காணோமே. யாரு இது?"

"அதுவா?" என்று சிரித்தாள். "எனக்கு என்ன ஆகப் போ…"

அத்தை கரண்டியை டப்பாவில் டங்கென்று போட்டாள்.

பிசியோ வாயை மூடிக்கொண்டு பேனாவைத் திறந்தாள்.